சிலைக்கும் வாய் உண்டு

(பத்தாம் வகுப்பு மாணவி, பாகூர்)

ஒரே கதையைப் பத்துப் பேர் சொன்னால் அது பத்துக் கதையாகிவிடும் என்பார்கள். இது ஊர்க்கதைக்கு மட்டுமன்று, உலகப் புகழ் பெற்ற கதைக்கும் பொருந்தும். தான் செய்த சிலையின்மேல் தானே அன்பு கொண்ட ஒரு சிற்பியின் கதை, பண்டைய கிரேக்கர் நமக்கு விட்டுச் சென்ற கதைகளுள் ஒன்று. சிற்பியின் பெயர் பிக்மாலியன். கதை நடந்த இடம் மத்தியதரைக் கடலில் உள்ள சைப்ரஸ் தீவு. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லப்பட்டு வரும் இக்கதை, சொல்லுந்தோறும் மாறியும் வருகிறது. அது எங்கே மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று எண்ணிப் பார்த்தபோது எனக்குத் தோன்றியவற்றை எழுதுகிறேன். இதே போன்ற கதை நம் காவிரிக் கரையிலும் உண்டு. அது வேறு விதமாகச் செல்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

பலருக்கும் தெரிந்த வடிவத்தை எழுதியவர் ரோமானியக் கவிஞர் ஓவிட். கி.மு. 43இல் பிறந்த இவர், கி.பி. 8ஆம் ஆண்டை ஒட்டி 'உருமாற்றங்கள்' என்னும் நீண்ட காவியத்தை இலத்தீன் மொழியில் எழுதி முடித்தார். அதன் பத்தாம் பாகத்தில் பிக்மாலியன் வருகிறான். தன் ஊர்ப் பெண்கள் சிலரின் நடத்தை அவனுக்குப் பிடிக்கவில்லை. திருமணமே வேண்டாம் என்று தனித்து வாழ்ந்த அவன், வெண்மையான தந்தத்தில் ஒரு பெண்ணுருவத்தைச் செதுக்கினான். உலகில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் இல்லாத அழகு அதற்கு வாய்த்தது. சிற்பி மதி மயங்கினான். கிளிஞ்சல்களும் கூழாங்கற்களும் சிறு பறவைகளும் மலர்களும் கொண்டுவந்து அதற்குப் பரிசளித்தான். ஆடை உடுத்தி, விரலில் மோதிரமும் கழுத்தில் மாலையும் அணிவித்தான்.

வீனஸ் தேவியின் திருநாள் வந்தது. பலிபீடத்தின் முன் நின்ற பிக்மாலியன், தந்தப் பெண்ணையே மனைவியாகக் கேட்பதற்கு நாணி, அவளைப் போன்ற ஒருத்தியைத் தரும்படி வேண்டினான். தேவிக்கு அவன் உள்ளக் கருத்து விளங்கிவிட்டது. பீடத்துத் தீ மூன்று முறை கொழுந்துவிட்டு எழுந்தது. வீட்டுக்கு வந்து சிலையைத் தொட்டால், அது சுடுகிறது! வெயிலில் இளகும் மெழுகு போலத் தந்தம் இளகுகிறது. நாடி துடிக்கிறது. அவள் கண் திறந்தபோது வானத்து ஒளியையும் அவனையும் ஒருங்கே கண்டாள் என்கிறார் கவிஞர். பிறகு திருமணம். பாபோஸ் என்று ஒரு குழந்தையும் பிறந்தது.

நூலகத்தில் சிஸ்டர் எடுத்துத் தந்த ஆங்கிலக் கதைப் புத்தகத்தில் இதைப் படித்தபோது, கதை மிக அழகாக இருந்தது. இரண்டாம் முறை படித்தபோது ஒரு செய்தி உறுத்தியது. உயிர் பெற்ற அந்தப் பெண் கதை முடியும்வரை ஒரு சொல்கூடப் பேசவில்லை. அவளுக்கு ஒரு பெயரும் இல்லை. அவன் வேண்டினான், தேவி கொடுத்தாள், திருமணம் நடந்தது. "உனக்குச் சம்மதமா?" என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவள் கண் திறந்து பார்த்த முதல் மனிதனே அவளுக்குக் கணவன்!

ஓவிடுக்கு முன்பே இக்கதை வேறு விதமாக வழங்கியது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் அலெக்சாந்திரியா நகர கிளமெந்து, பழைய கிரேக்க எழுத்தாளர் பிலோஸ்டெபனஸ் கூறியதாக இதைக் குறிப்பிடுகிறார். அதில் தந்தச் சிலை ஒரு பெண்ணின் சிலை அன்று, தேவியின் சிலை. சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய அர்னோபியஸ் என்பவர், பிக்மாலியன் சைப்ரஸின் அரசன் என்கிறார். சிலையின்மேல் பித்துக் கொண்ட ஒருவனைத்தான் இவ்விருவரும் காட்டுகிறார்கள். அவர்களுடைய கதையில் சிலை உயிர் பெறவே இல்லை. உயிரற்ற பொருளிடம் மயங்குவது எவ்வளவு பேதைமை என்று காட்டுவதற்காக அவர்கள் இதை எடுத்துச் சொன்னார்கள். ஆகவே அரசனைச் சிற்பியாக்கி, பித்தைக் காதலாக்கி, சிலைக்கு உயிரும் தந்த வடிவமே ஓவிடின் மூலம் உலகெங்கும் பரவியது எனலாம். ஒரு கவிஞரின் கை பட்டால் ஒரு கதை எவ்வளவு மாறிவிடுகிறது!

அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடைக்க மேலும் ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் ஆயின. 'கலாத்தியா' என்ற பெயரை இன்று எல்லோரும் சொல்கிறோம். பால் போன்ற வெண்மை உடையவள் என்பது அதன் பொருள். பழைய கிரேக்கக் கதைகளில் அது ஒரு கடல் தேவதையின் பெயர். சிலைப் பெண்ணுக்கு அப்பெயர் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில்தான் நிலைத்தது. அதைப் பரப்பியவர்களுள் தலையானவர், நம் புதுவை மக்களுக்கும் பெயரளவில் பழக்கமான ரூஸோ. அவர் எழுதிய 'பிக்மாலியன்' என்ற சிறு நாடகம் 1770இல் லியோன் நகரில் அரங்கேறியது. அதில் சிலை உயிர் பெற்றதும் முதலில் தன்னையே தொட்டுப் பார்க்கிறது. 'நான்' என்று உணர்கிறது. பிறகு பக்கத்தில் இருக்கும் வேறொரு சலவைக்கல்லைத் தொட்டு, அது தான் அன்று என்று அறிகிறது. பெயரோடு பேச்சும் அவளுக்கு வந்துவிட்டது.

1871இல் இலண்டனில் கில்பர்ட் என்பவர் இதையே நகைச்சுவை கலந்து நாடகமாக எழுதினார். அதில் பிக்மாலியனுக்கு முன்பே மனைவி இருக்கிறாள். உயிர் பெற்ற கலாத்தியா உலகம் அறியாத குழந்தை போல எல்லாவற்றையும் உள்ளபடி பேசுகிறாள். அதனால் வீட்டில் பெருங்குழப்பம் விளைகிறது. இறுதியில் அவள் மீண்டும் சிலையாகிவிடுகிறாள். மனிதர் நடுவே வாழ்வதைவிடக் கல்லாக இருப்பதே மேல் என்று அவள் முடிவு செய்வதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெர்னார்ட் ஷாவின் 'பிக்மாலியன்' நாடகம் 1913இல் வியன்னாவிலும், 1914இல் இலண்டனிலும் நடைபெற்றது. இங்கே தந்தமும் இல்லை, தேவியும் இல்லை. தெருவில் பூ விற்கும் எலிசா என்ற ஏழைப் பெண்ணுக்கு, ஹிக்கின்ஸ் என்ற பேராசிரியர் உயர்குடிப் பெண்ணைப் போலப் பேசக் கற்பிக்கிறார். பந்தயத்தில் வெல்கிறார். எல்லாரும் பேராசிரியரைப் பாராட்டுகிறார்கள், அவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் அவள் கேட்கிறாள், இனித் தன் கதி என்ன என்று. பழைய தெருவுக்கும் போக முடியாது, புதிய மாளிகையிலும் இடம் இல்லை. முடிவில் அவரை விட்டு அவள் வெளியேறுகிறாள்.

இந்த முடிவு பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. இலண்டனில் ஹிக்கின்ஸாக நடித்தவர், திரை விழுவதற்கு முன் எலிசாவை நோக்கிப் பூங்கொத்தை வீசி இருவரும் இணைவதுபோல் காட்டினாராம். ஷாவுக்குக் கோபம் வந்தது. எலிசா வேறொருவனை மணந்து பூக்கடை வைத்தாள் என்று 1916இல் ஒரு பின்கதையே எழுதிச் சேர்த்தார். ஆனாலும் 1956இல் இதை இசை நாடகமாக்கிய 'மை ஃபேர் லேடி'யிலும், 1964இல் வந்த அதன் திரைப்படத்திலும் எலிசா பேராசிரியரிடமே திரும்பி வருகிறாள். செய்தவனிடமே செய்யப்பட்டவள் திரும்ப வேண்டும் என்று மக்கள் மனம் ஏன் விரும்புகிறது? இது எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

இனி நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். என் பாட்டி காரைக்கால் பக்கத்தில் பிறந்தவர். கும்பகோணத்திலிருந்து காரைக்கால் செல்லும் வழியில் உள்ள கோனேரிராஜபுரம் கோயிலுக்கு அவரோடு நாங்கள் சென்றிருக்கிறோம். திருநல்லம் என்பது அதன் பழம்பெயர். அங்குள்ள நடராசர் செப்புத் திருமேனி ஆளுயரத்தையும் மிஞ்சியது. அத்திருமேனியைப் பற்றி வழங்கும் கதை இது.

மன்னன் ஒருவன் மிகப் பெரிய நடராசர் திருமேனி வேண்டும் என்று சிற்பிக்குக் கட்டளையிட்டான். நாளும் குறித்துவிட்டான். சிற்பி வார்க்கிறான், குறைபடுகிறது. மீண்டும் வார்க்கிறான், மீண்டும் குறை. கெடுவோ நெருங்குகிறது. உலையில் உலோகம் கொதித்துக்கொண்டிருந்தபோது முதியவர் ஒருவரும் மூதாட்டி ஒருவரும் வந்து, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார்கள். "இங்கே தண்ணீர் ஏது? உலைக்குழம்புதான் இருக்கிறது, வேண்டுமானால் குடியுங்கள்!" என்றான் சிற்பி. அவர்கள் அதையே வாங்கிக் குடித்தார்கள். அடுத்த நொடி அங்கே ஆடவல்லானும் அம்மையும் திருமேனிகளாக நின்றனர். செய்தி கேட்ட மன்னன் நம்பவில்லை. உளியால் திருமேனியின் காலைச் செதுக்கிப் பார்த்தான். இரத்தம் கசிந்தது. அவனைத் தொழுநோய் பற்றியது. பின்னர் அத்தலத்து இறைவனை வழிபட்டு நலம் பெற்றான். திருமேனியில் நகமும் மச்சமும் உரோமமும் தெரிவதாக இன்றும் அங்கே காட்டுகிறார்கள்.

இக்கதையும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படுகிறது. மன்னன் சோழன் என்பார் சிலர், பாண்டியன் என்பார் சிலர். முதியவர் மட்டும் தனியே வந்தார் என்பாரும் உண்டு. எனக்குப் பெரிதாகத் தோன்றுவது சிற்பியின் குரலில் உள்ள வேறுபாடு. சிற்பி சினத்தோடு எரிந்து விழுந்தான் என்று எங்கள் சித்தப்பா சொல்வார். பாட்டி ஒப்புக்கொள்ள மாட்டார். "அவன் அழுதுகிட்டே சொன்னான்டி. நாளைக்கு உயிரு இருக்குமோ போகுமோன்னு நின்னவன் எப்படிக் கோவப்படுவான்?" என்பார். சித்தப்பாவின் கதையில் இறைவன் சிற்பியின் செருக்கை அடக்க வருகிறார். பாட்டியின் கதையில் அவன் துயரைத் துடைக்க வருகிறார். நிகழ்ச்சி ஒன்றுதான். சொல்பவரின் மனமே கதையின் பொருளாகிவிடுகிறது.

சைப்ரஸ் கதைக்கும் நம் கதைக்கும் இவ்வளவு வேறுபாடு எதனால் என்று சிந்தித்தேன். செய்யும் முறையிலேயே அதற்கு ஒரு காரணம் இருப்பதாகத் தோன்றுகிறது. தந்தத்தில் செதுக்குபவனுக்குத் தொடக்கம் முதல் இறுதிவரை எல்லாம் கண்முன்னே நடக்கிறது. அவன் விரும்பிய வடிவம் வரும்வரை சீவிக்கொண்டே இருக்கலாம். செப்புத் திருமேனி அப்படியன்று. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் கையாளும் முறையில், தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து முதலில் மெழுகினால் உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, மீண்டும் கெட்டியாக மண் அப்புகிறார்கள். பிறகு சூடேற்றினால் மெழுகு உருகித் துளை வழியே வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்ற வேண்டும். மண்ணில் ஈரம் இருந்தால் வெடிக்கும். ஓட்டம் தடைப்பட்டால் கையோ விரலோ வராமல் போகும். ஆறிய பிறகு மண்கூட்டை உடைத்துப் பார்த்தால்தான் உள்ளே நடந்தது தெரியும். கூட்டை உடைத்துவிடுவதால் ஒரு கூட்டில் ஒரு திருமேனிதான்.

ஆகவே வார்ப்புச் சிற்பியின் வேலையில் அவன் கைக்கு எட்டாத ஒரு நேரம் இருக்கிறது. எவ்வளவு தேர்ந்தவனாயினும் அந்நேரத்தில் அவன் காத்திருக்கத்தான் வேண்டும். நம் கதையில் தாகம் கொண்ட விருந்தினர் வந்து நிற்பது அந்த நேரத்தில்தான். பிக்மாலியன் தன் உள்ளத்தில் இருந்ததையே தந்தத்தில் கண்டான். கோனேரிராஜபுரத்துச் சிற்பியிடமோ வெளியிலிருந்து ஒருவர் தாமாக வந்தார். வந்தவர் பேசினார், கேட்டார், கொடுத்ததைக் குடித்தார். சிலையாக நிற்க அவரே மனம் கொண்டார். அதனால் அத்திருமேனியைச் சிற்பி தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவில்லை.

கோனேரிராஜபுரத்தில் கதையாக இல்லாமல் வரலாறாகவே இன்னொரு சிலை இருக்கிறது. அக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் செம்பியன் மாதேவியார். சிவபக்தரான கண்டராதித்த சோழரின் தேவி, உத்தம சோழரின் தாய். 10ஆம் நூற்றாண்டில் கணவரை இழந்த பின், அவர் பெயரால் இக்கோயிலைக் கட்டுவித்தார். இலிங்கத்தை வழிபடும் கோலத்தில் கண்டராதித்தரின் உருவத்தைக் கோயில் சுவரில் செதுக்கச் செய்து, அதன் கீழே கல்வெட்டும் பொறிக்கச் செய்தார். கட்டுமானப் பொறுப்பை ஏற்ற ஆலத்தூர் சாத்தன் குணபத்தன் என்பவரின் பெயர்கூடக் கல்வெட்டில் உள்ளது. திருமேனிக் கதையில் வரும் சிற்பிக்கு யாரும் பெயர் சொல்லக் காணோம். உழைத்தவரின் பெயரை விடாமல் பொறித்தது ஓர் அரசியின் கோயில் என்பதை எண்ணும்போது பெருமையாக இருக்கிறது.

அந்தச் சிற்பத்தைப் பிக்மாலியன் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஓர் ஆடவன் தனக்கு மனைவி வேண்டும் என்று சிலையை உயிராக்கக் கேட்டான். இங்கே ஒரு மனைவி, மறைந்த கணவரின் உருவத்தைக் கல்லில் அமைத்தார். அந்த உருவம் தம்மை நோக்கித் திரும்ப வேண்டும் என்று அவர் அமைக்கவில்லை. தம் கணவர் வாழ்நாளெல்லாம் எதை விரும்பினாரோ அந்த வழிபாட்டிலேயே அவரை நிறுத்தினார். தாம் நேசித்தவரை அவருக்கு உரிய இடத்தில் விட்டுவிட்ட அன்பு அது.

சிலையை நேசித்த பெண் ஒருத்தியின் கதையும் நம்மிடம் உண்டு. மதுரைக்கு அருகே வைகைக் கரையில் உள்ள திருப்பூவணத்துப் பொன்னனையாள் கதை, பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இரசவாதம் செய்த படலத்தில் வருகிறது. அவள் ஆடல் மகள். சிவனடியார்க்கு நாள்தோறும் அமுது படைப்பவள். இறைவனுக்குப் பொன்னால் திருமேனி செய்ய விரும்பினாள், ஆனால் கையில் பொருள் இல்லை. சித்தர் வடிவில் வந்த இறைவன், அவள் வீட்டுப் பாத்திரங்களைப் பொன்னாக்கித் தந்தார். திருமேனி முடிந்ததும் அதன் அழகில் தன்னை மறந்த பொன்னனையாள், கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள் என்பது கதை. அந்த நகக்குறி இன்றும் தெரிவதாகச் சொல்வர். அவளும் பிக்மாலியனைப் போலவே மயங்கினாள். ஆனால் அத்திருமேனியைத் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. ஊரார் எல்லாரும் வணங்கக் கோயிலில் நிறுவினாள்.

இக்கதைகளையெல்லாம் நான் இவ்வளவு ஆராய்வதற்குக் காரணம் உண்டு. நம் பள்ளி விழாக்களில் பெரியோர் பேசும்போது, மாணவியர் கல் என்றும், பெற்றோரும் ஆசிரியரும் சிற்பிகள் என்றும் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். கைதட்டியும் இருக்கிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எழுத்தறிவித்தவரும் சோறிட்டவரும் நம்மைச் செய்தவர்கள்தாம். ஆனால் சிற்பி எந்தச் சிற்பி? தன் மனத்தில் இருக்கும் உருவத்தையே எங்களிடம் காண விரும்பும் பிக்மாலியனா? வாசலில் வந்து நிற்பவர் கேட்பதைக் காதில் வாங்கும் சிற்பியா?

பத்தாம் வகுப்பு முடித்ததும் எந்தப் பிரிவு எடுப்பது என்ற கேள்வி எங்கள் வகுப்பில் நாற்பது வீடுகளிலும் இப்போது உலையாகக் கொதிக்கிறது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு என்னைச் செவிலியாகக் காண விருப்பம். அம்மாவுக்கு ஆசிரியை. சித்தப்பாவுக்கு வங்கி வேலை. மூவரும் என் நன்மையை நினைத்தே சொல்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஏரிப் பாசன வயலில் வெயிலிலும் சேற்றிலும் நின்ற கால், மகளாவது நிழலில் உட்கார வேண்டும் என்று நினைப்பது இயல்பு. எனக்கோ சிற்பம் கற்க வேண்டும் என்பது ஆசை. மேல்நிலை முடித்தபின் அரியாங்குப்பத்தில் உள்ள பாரதியார் பல்கலைக்கூடத்தில் சேர்ந்தால் அதைப் பயிலலாம்.

இதை நான் வீட்டில் சொன்னபோது, "மண்ணைப் பிசைஞ்சா சோறு வருமாம்மா?" என்று அப்பா கேட்டார். அக்கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லும் கடமை எனக்கு உண்டு. நம் வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதையும், அவ்வூர்க் கலைஞர் வி.கே. முனுசாமி பத்மஸ்ரீ விருது பெற்றதையும் எடுத்துச் சொன்னேன். விருது எல்லோருக்கும் கிடைக்காது என்று அப்பா சொன்னார். அதுவும் உண்மைதான். அப்படியானால் ஓவிய ஆசிரியையாகலாமே என்று அம்மா இடையில் நுழைந்தார். அவருடைய ஆசையும் என் ஆசையும் ஓரிடத்தில் சந்திக்கக் கூடும் என்று எங்கள் இருவருக்குமே அப்போதுதான் தெரிந்தது. பேச்சு இன்னும் முடியவில்லை. "முதல்ல மார்க்கு வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று அப்பா எழுந்து போனார். ஆனாலும் எனக்கு மகிழ்ச்சி. "வேண்டாம்" என்று அவர் சொல்லவில்லை. "பேசலாம்" என்றுதான் சொன்னார்.

படைத்தவர் கேட்பதும் படைக்கப்பட்டவர் விடை சொல்வதும் புதிய நாகரிகம் என்று சிலர் நினைக்கலாம். நீதிபோதனை வகுப்பில் சிஸ்டர் சொல்லிக் கேட்டவற்றை எண்ணிப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. விவிலியத்தின் தொடக்க நூலில் கடவுள் மண்ணால் மனிதனை உருவாக்கி உயிர்மூச்சு ஊதுகிறார். பின்னர் செய்வது என்ன? விலங்குகளையும் பறவைகளையும் அவன் முன் கொண்டுவந்து, அவன் என்ன பெயரிடுவான் என்று பார்க்கிறார். எல்லாம் அறிந்தவருக்கு ஒரு பெயர் வைக்கத் தெரியாதா? ஆயினும் தாம் செய்த மண்ணுருவம் வாய் திறந்து பேசுவதைக் கேட்க விரும்புகிறார்.

நாசரேத்தூரில் நடந்ததோ இதனினும் பெரிது. வானதூதர் கபிரியேல் ஓர் எளிய இளம்பெண்ணிடம் அனுப்பப்படுகிறார். கட்டளையை அறிவித்துவிட்டுப் போய்விடவில்லை. மரியாள் கலங்குகிறார், இது எப்படி ஆகும் என்று கேள்வியும் கேட்கிறார். தூதர் பொறுமையாக விளக்கம் சொல்கிறார். அவர் இசைவு தெரிவித்த பின்னரே விடைபெற்றுச் செல்கிறார். அந்தப் பதிலுக்காக உலகமே காத்திருந்தது என்று 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து தம் மறையுரை ஒன்றில் வருணித்திருப்பதாகச் சிஸ்டர் கூறினார். உலகைப் படைத்தவரே ஒரு பெண்ணின் விடைக்குக் காத்திருந்தார் என்றால், வீட்டிலும் பள்ளியிலும் நாம் ஒருவர் விடைக்கு ஒருவர் காத்திருப்பது பெரிய செயலா?

தந்தப் பெண்ணுக்கு ஓவிடின் கவிதையில் உயிர் கிடைத்தது. பிரான்சு நாட்டில் பெயரும் பேச்சும் கிடைத்தன. ஷாவின் நாடகத்தில் கேள்வி கேட்கும் துணிவும் வெளியே நடந்து செல்லும் காலும் கிடைத்தன. இத்தனையும் கிடைக்க ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகள் ஆயின. கதைக்கு இந்த வேகம் போதும். எங்களுக்குப் போதாது, ஏனெனில் பொதுத்தேர்வு இவ்வாண்டே வருகிறது!

அன்புப் பெற்றோரே, வணக்கத்துக்குரிய சிஸ்டர்களே, ஆசிரியப் பெருமக்களே! எங்களைச் செதுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உங்கள் கை படாவிட்டால் நாங்கள் வெறும் மண்தான். கோனேரிராஜபுரத்து மன்னன் மட்டும் நினைவில் இருக்கட்டும். அவன் உளி வைத்தது வெறும் உலோகம் என்று எண்ணி. ஆனால் அங்கே இரத்தம் வந்தது. உளியை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தோழியரே! நமக்கும் ஒரு கடமை உண்டு. கேட்கும்போது தந்தப் பெண்ணைப் போல வாய்மூடி நிற்காதீர்கள். எலிசாவைப் போலக் கதவைச் சாத்திக்கொண்டு போக வேண்டிய நிலையும் நமக்கு வர வேண்டாம். நாம் விரும்புவது எது, ஏன் விரும்புகிறோம், அதற்கு எவ்வளவு உழைக்க அணியமாக இருக்கிறோம் என்பதை வீட்டில் பணிவோடும் தெளிவோடும் சொல்வோம். எதிர்க்கேள்வி வந்தால் பொறுமையாக விடை சொல்வோம். இந்த விடுமுறையில் வில்லியனூருக்குச் சென்று மண் வேலையைக் கொஞ்சம் கற்றுக்கொண்டு வரலாம் என்றிருக்கிறேன். அப்பாவையும் உடன் வரும்படி அழைத்திருக்கிறேன்.